காற்று போக மீதி

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் மகளும் பேரப்பிள்ளைகளும் தண்டையார்பேட்டையில் அதே தெருவில் இன்னும் இருக்கிறார்கள். நான்தான் வீடு மாறி வந்துவிட்டேன். தெருவில் எல்லோரும் அவரை நைனா என்றே கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. எதிர்வீட்டு மாடியில் நான் பதினோரு வருடம் குடியிருந்தேன். அந்தப் பதினோரு வருடத்தில் அவர் ஒரு பன்னை முழுப் பன்னாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பன்னை வாங்கியதும் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார். அவசரப்பட மாட்டார். கையைத் திறந்தால் பெரிய நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை இருக்கும். அதைக் கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் திருப்பித் திருப்பிக் காட்டுவார்.

“இதான் சார் பன்னு. மீதி அல்லாம் காத்து. காத்துக்குத் துட்டு குட்த்துகினு கீறோம் நாம.”

அதன் பிறகு உருண்டையை டீயில் நனைத்து வாயில் போட்டுக்கொள்வார். நிரூபிக்கப்பட்ட பன்னுக்கு என்ன ருசி இருந்ததோ தெரியாது. நிரூபித்ததில் இருந்தது. அது முகத்தில் தெரியும்.

துறைமுகத்தில் எடைமேடையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். லாரி மேலே ஏறும், எண் விழும், இவர் சீட்டு எழுதுவார், லாரி இறங்கும். இத்தனை வருடம் இதையே பார்த்த மனிதருக்கு உலகம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. எடை உள்ளது ஒரு பக்கம், ஏமாற்று இன்னொரு பக்கம். வேடிக்கை என்னவென்றால், லாரிக்காரர்கள் அவரை ஏமாற்றப் பார்த்ததெல்லாம் எடையை வைத்துத்தான். வண்டிக்கு அடியில் டிரம்மில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு சரக்கோடு மேடை ஏறுவார்கள்; சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியை எடை போடுவதற்குள் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். இப்படி எத்தனை வண்டியைப் பிடித்தேன் தெரியுமா என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த அனுபவத்திலிருந்து எடையும் பொய் சொல்லும் என்பதை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பொய் சொல்வது காற்றுதான் என்று எங்கிருந்தோ முடிவு செய்துகொண்டார்.

டீக்கடையில் அவருக்குத் தனி நடைமுறை இருந்தது. மாஸ்டர் கையை உயர்த்தி ஆற்றிக் கொடுத்த டீயைத் தொடாமல் பலகைமேல் வைத்துவிட்டு நுரை அடங்கும்வரை காத்திருப்பார். அடங்கியதும் கண்ணாடி கிளாஸில் நகத்தால் ஒரு கோடு காட்டி, இது வரைக்கும்தான் டீ, மேலே எங்கே என்று கேட்பார். மாஸ்டர் இரண்டு வருடம் பொறுத்தார். மூன்றாவது வருடம் நைனாவின் டீயை மட்டும் ஆற்றாமல், பாத்திரத்திலிருந்து நேராக, கொதிக்கக் கொதிக்க விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தார். நைனாவுக்கு வெற்றி. ஆனால் அந்த டீயைக் குடிக்க முடியாது, கிளாஸைத் தொடவே முடியாது. ஆகவே இன்னொரு காலி கிளாஸ் வாங்கி, கடை ஓரமாக நின்று, டீயைத் தானே மேலும் கீழுமாக ஆற்றுவார். நுரை பொங்கும். இப்போது இது என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“இது சூடு ஆத்துறது சார். அது வேற, இது வேற” என்றார்.

பெட்ரோல் பங்கில் ‘காற்று இலவசம்’ என்று ஒரு பலகை உண்டு. அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கி அதைக் கையால் காட்டுவார். இந்த ஊரிலேயே நாணயமான ஆள் இவன் ஒருவன்தான், காற்றுக்குச் சரியான விலை இவனுக்குத்தான் தெரிந்திருக்கிறது என்பார். சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்தால் அவருக்குக் கை துடிக்கும். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பாக்கெட்டைக் கடையிலேயே ஊசியால் குத்தி, தட்டையாக்கி, சட்டைப் பையில் மடித்து எடுத்துப் போவார். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அது நமுத்த தூளாக இருக்கும். தாத்தா சிப்ஸ் வாங்கி வருகிறார் என்றால் பிள்ளைகள் அழும்.

கேரேஜ் முனையில் சோடா வண்டி போடும் ஒருவர் இருந்தார். கோலி சோடா, பன்னீர் சோடா இரண்டும் வைத்திருப்பார். கோலியை விரலால் உள்ளே தள்ளும்போது கேட்கும் அந்தக் கீச்சுச் சத்தத்துக்காகவே அவரிடம் ஆட்கள் வருவார்கள். நைனா சோடாவை உடைக்கச் சொல்லி, பாட்டிலை வண்டி மேலேயே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் நின்றார். குமிழ் எல்லாம் அடங்கியது. ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, இது வெறும் தண்ணி, தண்ணிக்கு இன்னா விலை என்று கேட்டார்.

சோடாக்காரர் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “நைனா, அதோ கார்ப்பரேசன் பைப்பு கீது. அதுல எடை சுத்தமா கீற தண்ணி வரும். அங்க போய்க் குடி. எனக்கு ஏவாரத்தக் கெடுக்காத.”

இதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொண்டதில்லை. உண்மை பேசுகிறவனுக்கு இதெல்லாம் உண்டு என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் ஆட்களை இன்னும் எரியவைத்தது.

பேக்கரிக்காரர் வேறு மாதிரி ஆள். ராயபுரத்திலிருந்து வந்து எங்கள் தெருமுனையில் கடை வைத்தவர்; கிறிஸ்துமஸ் சமயத்தில் கோயில் தெருக்காரர்கள்கூட அவரிடம்தான் கேக் சொல்லிவைப்பார்கள். பிரெட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகும் நைனாவைப் பல மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வியாழக்கிழமை ஈஸ்ட் போடாமல் ஒரு பிரெட்டைச் சுட்டு, காகிதத்தில் சுற்றி, அவர் கையில் கொடுத்தார். பார்க்கச் செங்கல், தூக்கினாலும் செங்கல். அதை மேஜைமேல் வைத்தபோது வந்த சத்தத்தில் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் சிரிப்பதற்குத் தயாராக இருந்தோம்.

நைனா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். அமுக்கினார். அது அமுங்கவில்லை. அவர் முகம் மலர்ந்து நான் பார்த்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

“இப்பதான் நீ ரொட்டிய சுட்டுகீற” என்றார். “வாரத்துக்கு ஒண்ணு இதே மாதிரி எனக்குன்னு எட்த்து வெச்சுடு.”

கேலி செய்யப் போன பேக்கரிக்காரர் அதற்குப் பிறகு நான்கு மாதம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஈஸ்ட் போடாத பிரெட் ஒன்றைத் தனியாகப் பிசைந்து தனியாகச் சுட வேண்டியிருந்தது. மறுத்தால், ஏன் சுடவில்லை என்று நைனா கடை வாசலில் நின்று வாடிக்கையாளர்களிடம் விளக்குவார். அது எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம்.

அந்தப் பிரெட் தொண்டைக்குக் கீழே இறங்கிய பிறகு என்ன ஆனது என்பதை அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லித் தெரியும். வியாழன் வந்தால் வெள்ளிக்கிழமை வயிறு கல் மாதிரி ஆகிவிடும். குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். ஓர் ஏப்பம் வந்தால் போதும் என்று தவிப்பார். அதற்குத் தெருவில் இருந்த ஒரே மருந்து சோடா. அந்த அம்மா சொம்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய்க் கோலி சோடாவை ஊற்றிவந்து, சீரகம் போட்டு, சீரகத் தண்ணீர் என்று சொல்லிக் கொடுப்பார். ஏப்பம் வரும். சீரகத்தின் மகிமையை மறுநாள் டீக்கடையில் நைனா எங்களுக்கு எடுத்துச் சொல்வார்.

அந்த அம்மாவை நைனா வீட்டில் இருந்த சத்தமில்லாத எதிர்க்கட்சி என்று சொல்லலாம். இட்லி மாவு பொங்கியிருந்தால் நைனா கரண்டியை விட்டு அடிவரை கலக்கி, அதிலிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் தட்டில் ஊற்ற விடுவார். அம்மா அதற்காகச் சண்டை போடவில்லை. இரண்டு பாத்திரம் வைத்துக்கொண்டார். அவருக்குக் காட்டுவதற்கு அடுப்பு மேடையில் ஒன்று. மற்றவர்கள் சாப்பிடுவதற்கு அரிசி டிரம்முக்குப் பின்னால் இன்னொன்று. முதல் பாத்திரத்து இட்லியை நைனா விண்டு சாப்பிட மாட்டார், கடித்துத்தான் சாப்பிடுவார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. வீட்டுக்கு மாடி எடுக்கும் பேச்சு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

அவர் மகள் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். புருஷன் கப்பலில் வேலைக்குப் போய்விட்டதால் இரண்டு பிள்ளைகளோடு மாத்தூரில் வாடகை வீட்டில் இருந்தாள். அந்த வீட்டைப் பொங்கலுக்குள் காலி செய்து தரச் சொல்லிவிட்டார்கள். அவள் போவதற்கு இரண்டே இடம்தான். ஒன்று, அப்பா வீட்டு மாடியில் ஓர் அறை. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம், நைட் டூட்டி நாட்களில் பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொள்வார். இன்னொன்று, ஆம்பூரில் மாமியார் வீடு. அங்கே போனால் வேலையை விட வேண்டும். எட்டு வருட வேலை. அவள் இதை அழுதோ கெஞ்சியோ சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, “தை பொறக்குறதுக்குள்ள ரூம் ரெடியானா இங்க வர்றேம்பா. இல்லன்னா ஊருக்குப் போறேன். ரெண்டுல ஒண்ணு நீயே சொல்லிடு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நைனா கட்டுவதாகச் சொன்னார். உடனே சொன்னார், அதைக் குறைத்து எழுத மாட்டேன்.

திருவொற்றியூரிலிருந்து இளம் வயது இன்ஜினீயர் பெண் ஒருத்தி வந்து வீட்டைப் பார்த்தாள். கீழே இருந்தது முப்பது வருடத்துக் கான்கிரீட் வீடு. உப்புக்காற்றில் உள்ளே கம்பி எந்த நிலைமையில் இருக்கிறதோ என்று கூரையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனாள். ஹால் பக்கம் வந்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டாள். இதன்மேல் செங்கல் சுவர் எழுப்ப முடியாது, லைட்வெயிட் பிளாக்கில் சுவர் எழுப்பி மேலே ஷீட் போட்டுக்கொண்டால் தாங்கும் என்றாள். மறுநாள் ஸ்கூட்டியின் முன்பக்கம் ஒரு பிளாக்கை வைத்து எடுத்துவந்தாள். சாம்பல் கலந்த வெள்ளை நிறம், இரண்டு தலையணையை ஒன்றின்மேல் ஒன்று வைத்த மாதிரி அளவு. அதை ஒற்றைக் கையால் தூக்கினாள். நைனாவுக்குச் சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது.

அவள் அவரை நம்பவைக்க ஒரு காரியம் செய்தாள். வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் அந்தப் பிளாக்கைப் போட்டாள். அது மிதந்தது. எவ்வளவு லேசு பாருங்க அங்கிள் என்றாள். பாவம், அவளுக்கு நைனாவைப் பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லை. மிதக்கிற கல்லை அவரிடம் காட்டுவதைவிடப் பெரிய தப்பு எதுவும் இருக்க முடியாது.

“இன்னாம்மா இது? கல்லுன்னு சொல்ற, மெதக்குது. இலங்கைக்குப் பாலமா கட்டப்போற?” என்றார். நகத்தால் பிளாக்கைச் சுரண்டினார். தூள் உதிர்ந்தது. விரலால் ஓட்டைகளைத் தடவினார். எங்களையெல்லாம் திரும்பிப் பார்த்தார். “பன்னு” என்றார்.

இன்ஜினீயர் பெண் பொறுமையாக விளக்கினாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல், சுண்ணாம்பு, சிமெண்டு எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் கரைப்பார்கள். அதில் கொஞ்சம் அலுமினியப் பவுடர் போட்டால் உள்ளே வாயு உண்டாகி மாவு மாதிரி பொங்கும். அப்படியே கட்டியானதும் கம்பியால் அறுத்து, பெரிய கொப்பரையில் ஆவியில் வேகவைப்பார்கள். உள்ளே இருக்கும் அந்தக் காற்றுதான் எடையைக் குறைக்கிறது. வெயில் சூட்டையும் உள்ளே விடாது.

கதவோரம் நின்றிருந்த அம்மா, “இட்லிதான” என்றார்.

“ஆமா ஆன்ட்டி. அதே தான்.”

அந்த அம்மாவுக்கு அது போதும். அவருக்கு அந்தச் சுவரின்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. நைனாவுக்கு அதே காரணத்தால் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. என் பொண்ணையும் பேரப்பசங்களையும் இட்லிக்குள்ள குந்த வைக்கச் சொல்றியா என்று கேட்டு, இன்ஜினீயர் பெண்ணுக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். மோரில் நுரை இல்லை.

அவர் என்ன செய்தார் என்பதை நான் என் மாடியிலிருந்து நாள் நாளாகப் பார்த்தேன். செங்கல் லோடு வந்து வாசலில் இறங்கியது. நைனா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசில் ஒவ்வொரு செங்கல்லாகக் கயிறு கட்டித் தொங்கவிட்டு எடை பார்த்தார். எடை குறைந்த கல் இடது பக்கம், எடை நின்ற கல் வலது பக்கம். நான்கு நாள் இந்த வேலை நடந்தது. வலது பக்கத்துக் கற்களை மட்டும் கூலியாட்களை வைத்து மொட்டைமாடிக்கு ஏற்றினார். இடது பக்கத்துக் கற்களை, லாரியைத் திரும்ப வரவழைத்து அனுப்பிவிட்டார். அதாவது, பாரம் தாங்காது என்று சொல்லப்பட்ட கூரையின்மேல், இருந்ததிலேயே பாரமான கற்களாகத் தேர்ந்தெடுத்து ஏற்றியிருந்தார். அதுவும் சுவர் ஓரமாக அல்ல. ஓரத்தில் வைத்தால் பக்கத்து மாடிக்காரன் எடுத்துவிடுவான் என்று, சரியாக நடுவில், ஹாலுக்கு நேர்மேலே, ஆள் உயரத்துக்கு அடுக்கிவைத்தார்.

முப்பத்தொரு வருடம் எடை போட்ட மனிதர் ஒரு நாளாவது அந்த மேடைக்குக் கீழே குனிந்து, இத்தனையும் எதன்மேல் நிற்கிறது என்று பார்த்திருக்க மாட்டார் என்று அப்போது நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. போய்ச் சொல்லவும் செய்தேன், ஒரே ஒரு தடவை.

“சார், நீங்க ஆபீஸ் ஆளு. வெய்ட்டுன்னா இன்னான்னு உங்களுக்குத் தெரியாது” என்றார்.

அது கார்த்திகை மாதம். ஐந்து நாள் விடாமல் மழை. அடுக்கிய செங்கல் அத்தனையும் தண்ணீர் குடித்தது. ஆறாம் நாள் காலை வெயில் அடித்தது. நைனா பென்ஷனுக்காக வருடா வருடம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழைக் கொடுக்க பஸ் ஏறி பாரிமுனைக்குப் போனார். தான் உயிரோடு இருப்பதை அவர் அங்கே நிரூபித்துக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே அவர் வீட்டுக் கூரையிலிருந்து இரண்டு கை அகலத்துக்கு ஒரு பூச்சுப் பாளம் பெயர்ந்து, ஓடிக்கொண்டிருந்த கிரைண்டருக்குள் விழுந்தது. அம்மா அப்போதுதான் தண்ணீர் எடுக்க ஓரடி நகர்ந்திருந்தார்.

நான் போய்ப் பார்த்தேன். மின்விசிறிக் கொக்கியில் ஆரம்பித்து சமையலறைச் சுவர்வரை விரிசல் ஓடியிருந்தது. பெயர்ந்த இடத்தில் கம்பி துருப்பிடித்து, ஊறிய மரப்பட்டை மாதிரி ஏடு ஏடாக உரிந்து தொங்கியது. அறைக்கதவு சட்டத்தில் மாட்டிக்கொண்டு மூடவில்லை. இன்ஜினீயர் பெண்ணுக்குப் போன் செய்தோம். ஹாலில் யாரும் நிற்காதீங்க, மேலே இருக்கிற கல்லை இப்பவே இறக்குங்க, கொஞ்சம் கொஞ்சமா, ஓரத்திலேருந்து, ஒரே நேரத்துல எல்லாரும் நடுவுல போய் நிக்காதீங்க என்றாள்.

அவர் வரட்டும் என்று யாரோ சொன்னார்கள். அந்த அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“அவரு வர்றதுக்குள்ள வூடு வந்துடும் கீழ. யாரு வர்றீங்களோ வாங்க” என்றார்.

வந்தவர்களை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். மேலே மாடியில் பேக்கரிக்காரர், கையில் மைதா அப்பியபடி. படியில் சோடாக்காரர். அவருக்குக் கீழே டீ மாஸ்டர். அதற்கும் கீழே நான். வாசலில் அந்த அம்மாவும் என் மனைவியும் கல்லை வாங்கி அடுக்கினார்கள். பல வருடமாக நைனாவால் கடை வாசலில் அவமானப்பட்ட மொத்தப் பேரும் அவர் வீட்டு மாடிப்படியில் நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கல் இறக்கினோம். ஈரக் கல் ஒவ்வொன்றும் கையை இழுத்தது. எடை நின்ற கல் அல்லவா. திட்டாமல் ஒருவரும் ஒரு கல்லைக்கூட அடுத்தவரிடம் கொடுக்கவில்லை.

பாதிக்கு மேல் இறங்கிய பிறகு நைனா வந்தார். சான்றிதழ் நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பிடித்திருந்தார். படி முழுக்க ஆட்களைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னா நடக்குது இங்க? யாரக் கேட்டு எறக்குறீங்க?” என்றார்.

அம்மா கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்து ஹால் நிலைப்படிவரை இழுத்துப் போனார். உள்ளே விடவில்லை. நிலைப்படியிலேயே நிறுத்தி, அவர் மோவாயைப் பிடித்து முகத்தைக் கூரைப் பக்கம் தூக்கினார்.

“பாரு. நல்லா பாரு. காத்து வுழுந்தா சாவ மாட்டோம்யா. இத்தக் கொண்டாந்து வெச்சியே, இது வுழுந்தா? என் பொண்ணு ஊருக்கே போவட்டும், உசுரோட இருப்பா.”

நான் நின்ற இடத்திலிருந்து அவர் முகம் தெரியவில்லை. கழுத்து மட்டும் தெரிந்தது. நெடுநேரம் அண்ணாந்தபடியே இருந்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து, டீ மாஸ்டருக்கும் எனக்கும் நடுவில் படியில் நின்றுகொண்டார். கை நீட்டினார். மாஸ்டர் ஒரு நொடி தயங்கிவிட்டுக் கல்லைக் கொடுத்தார்.

வரிசையில் ஒழுங்காகத்தான் வேலை செய்தார். ஆனால் பழக்கம் விடவில்லை. பத்துக் கல்லுக்கு ஒரு கல்லைக் கையில் லேசாகத் தூக்கிப் பார்த்து, “மூணே முக்கா” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

“நைனா, எட அப்பால போடு, கல்ல கீழ குடு” என்று மேலிருந்து பேக்கரிக்காரர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. கல்லை என்னிடம் கொடுத்தார்.

கூரைக்கு முட்டுக்கொடுத்து, பழைய கம்பியைச் சுரண்டி, ஹாலைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகு லைட்வெயிட் பிளாக் வந்தது. அம்மாதான் இன்ஜினீயர் பெண்ணிடம் பேசினார், அம்மாதான் மேஸ்திரியிடம் நின்றார். அறை பத்து நாளில் எழும்பிவிட்டது. நைனா அந்தப் பத்து நாளும் வாசலில் உட்கார்ந்து, மாடிக்குப் போகும் ஒவ்வொரு பிளாக்கையும் பிணத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். போகிக்கு இரண்டு நாள் முன்பு மகள் மாத்தூர் வீட்டைக் காலி செய்துகொண்டு, பிள்ளைகளோடும் ஒரு டாட்டா ஏஸ் நிறையச் சாமானோடும் வந்து இறங்கினாள். வேலையை விடவில்லை.

நைனா அந்த அறைக்குள் போகவில்லை. பால் காய்ச்சிய அன்றைக்கும் போகவில்லை. பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே நின்று கூப்பிடுவார். பார்க்கிறவர்களிடம் பன்னு ரூம் என்று அறிமுகப்படுத்துவார். பிள்ளைகள் சுவரில் சாயாமல் இருக்கச் சொல்லியிருந்தார். ஒரு ஆணி அடித்தால் போதும், அது எவ்வளவு சுலபமாக உள்ளே போகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆணி சுலபமாகத்தான் போனது. அதில் அவர் மகளின் யூனிஃபார்மும் பிள்ளைகளின் பள்ளிப் பைகளும் தொங்கின. விழவில்லை.

சித்திரை வந்தது. கத்திரிக்கு முன்பே வெயில் ஆரம்பித்துவிட்ட வருடம் அது. கீழ்வீட்டு ஹால் காலை பதினோரு மணிக்கெல்லாம் அடுப்பாகிவிடும். மாடியில் ஷீட்டுக்குக் கீழே தென்னை ஓலைத் தடுக்கு கட்டியிருந்தார்கள், மற்றபடி சுவர்தான். மத்தியானம் ஆனால் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். நைட் டூட்டி முடித்து வந்த மகள், பள்ளி விடுமுறையில் இருந்த பிள்ளைகள், அம்மா, நால்வரும் அங்கே தூங்குவார்கள். கீழே நைனா மட்டும் பனியனைப் பிழிந்து பிழிந்து துடைத்துக்கொண்டு, கான்கிரீட் கூரையின் அடியில் கௌரவமாக வெந்துகொண்டிருப்பார். மூன்று வாரம் தாங்கினார்.

ஒரு நாள் இரண்டு மணி இருக்கும். மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த மிளகாயைத் திருப்பிவிடப் போனேன். எதிர்மாடி அறைக்கதவு திறந்திருந்தது. நைனா பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசிப் படியில் நின்றிருந்தார். மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அம்மா படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“மேல வெய்ட்டு ஏத்தக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிகீது. நீ ரொம்ப வெய்ட்டான ஆளு. தாங்காது, போ” என்றார்.

நைனா பாயை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். ஒரு நிமிடம் கழித்து அம்மா எழுந்து, தூங்குகிற பையனைப் பாயோடு இழுத்து நகர்த்திவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டார். நைனா உள்ளே போனார்.

நாலு மணிக்கு அவர் வெளியே வந்தபோது நான் மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தேன். தூங்கி எழுந்த முகம். கன்னத்தில் பாய் அச்சு. இன்றைக்காவது ஒரு வார்த்தை ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்த்து, “எப்படி இருக்கு ரூம்?” என்று கேட்டேன்.

“கடல் காத்து சார்” என்றார். “கெயக்கால ஜன்னலு வெச்சது நல்லதாப் போச்சு. செவுத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

அன்று வீசியது மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. அவர் சொன்ன கிழக்கு ஜன்னலுக்கு இன்னும் கதவே மாட்டவில்லை. பலகை வைத்து அடைத்திருந்தார்கள். நான் மிளகாய்த் தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

மறுநாளும் இரண்டு மணிக்கு அவர் பாயோடு மேலே போவதைப் பார்த்தேன். மகள் அப்போதுதான் கண்ணை மூடியிருந்தாள். இன்னிக்கும் நைட் டூட்டியா கண்ணு, எத்தன மணிக்கு எழுப்பணும் என்று கேட்டார். ஆறு மணிக்கு எழுப்புப்பா என்றாள். அவர் படுக்கவில்லை. பாயைச் சுருட்டியபடியே ஓரமாக வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முதுகு முழுவதையும் அந்தச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தார். தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்தபோது வெளியே வந்து, சத்தம் போடாதே என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார்.

ஐந்தே முக்காலுக்கே எழுப்பிவிட்டார் என்று மகள் பிறகு என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டாளாம்.